வாளைப் பறித்தவரா, திருடியவரா?
காங்கோ விடுதலை நிழற்படங்களும் படக்குறிப்பின் வேற்றுமை இலக்கணமும்

0. முன்னுரை

காலனிய ஆட்சி முடிவுற்ற நிகழ்ச்சிகளை இன்று பெரும்பாலோர் நிழற்படங்களின் வழியாகவே அறிந்திருக்கின்றனர். ஒரு கொடி இறங்குவது, மற்றொரு கொடி ஏறுவது, ஒப்பந்தத்தில் இருவர் கையொப்பமிடுவது, கைகுலுக்குவது ஆகிய சில காட்சிகளே பாடநூல்களிலும் நாளிதழ்களின் ஆண்டுநிறைவு இணைப்புகளிலும் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. நிகழ்ச்சியை நேரிற் கண்ட தலைமுறை மறைந்த பின்னர் நினைவின் இடத்தை இப்படங்களே நிரப்புகின்றன.

ஆயினும் படம் தனியே நினைவில் நிற்பதில்லை. அதன் கீழுள்ள ஓரிரு வரிகளோடு சேர்ந்தே நிற்கிறது. அவ்வரிகளை எழுதுவோரும் பெயர்ப்போரும் எந்த வினைச்சொல்லையும் எந்த வேற்றுமை உருபையும் தேர்கின்றனரோ, அதற்கேற்பவே நிகழ்ச்சியின் கருத்தாவும் பயன்பெறுவோரும் வரையறுக்கப்படுகின்றனர். 1960இல் பெல்ஜியத்திடமிருந்து விடுதலையடைந்த காங்கோவின் படங்கள் சிலவற்றைச் சான்றாகக் கொண்டு இவ்வுறவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. படமும் சொல்லும்

படத்துக்குப் பல பொருள் கொள்ளும் இயல்பு உண்டு என்பதும், உடன்வரும் சொற்கள் அப்பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்து நிலைநிறுத்துகின்றன என்பதும் ரோலான் பார்த் 1964இல் வெளியிட்ட கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட கருத்துகள். அவரே 1957இல் வெளிவந்த 'மித்தாலஜி' என்னும் நூலில், பிரெஞ்சுச் சீருடையணிந்து வணக்கம் செலுத்தும் கறுப்பின இளைஞனின் அட்டைப்படம் ஒன்று பேரரசின் பெருமையைச் சொல்லும் தொன்மமாக மாறுவதை விளக்கினார். அந்நூலின் மற்றொரு கட்டுரை, ஆப்பிரிக்காவைப் பற்றிய பிரெஞ்சு அரசு மொழியில் பெயர்ச்சொற்கள் மிகுந்து வினைச்சொற்கள் அருகியிருப்பதைச் சுட்டுகிறது. இவ்விரு கருத்துகளையும் பார்த் தனித்தனியே விளக்கினார். காலனிய முடிவைக் காட்டும் படங்களைப் பொறுத்தவரை இவற்றைச் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். ஒரு படத்தில் மனிதரும் பொருளும் உள்ளனர். அவர்களுக்கிடையே உள்ள உறவைக் காட்டும் உருபு இல்லை. யார் செய்தார், யாருக்குச் செய்தார், யாரால் செய்யப்பட்டது என்பவை படக்குறிப்பில்தான் வெளிப்படுகின்றன.

காங்கோவின் வரலாற்றில் நிழற்படத்துக்குத் தொடக்கத்திலிருந்தே தனி இடம் உண்டு. 1885 முதல் 1908 வரை அந்நாடு பெல்ஜிய மன்னர் இரண்டாம் லெயோபோல்டின் தனியுடைமையாக இருந்தது. அங்கு ரப்பர் திரட்டுவதற்காக நிகழ்ந்த கொடுமைகளை ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்னும் ஆங்கிலேய மறைப்பணியாளர் படமெடுத்தார். 1904இல் அவர் எடுத்த ஒரு படத்தில், ஒரு தந்தை தம் சிறுமகளின் துண்டிக்கப்பட்ட கையையும் காலையும் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். இத்தகைய படங்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒளிவிளக்குச் சொற்பொழிவுகளில் திரையிடப்பட்டன. தரையில் கிடப்பவை யாருடைய உறுப்புகள், வெட்டியவர் யார் என்பவற்றைச் சொற்பொழிவாளரே சொல்ல வேண்டியிருந்தது. குரல் இன்றேல் அது அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் படம் மட்டுமே.

2. வாளை: இரண்டாம் வேற்றுமை

1960 ஜூன் 29ஆம் நாள், விடுதலைக்கு முந்திய நாளில், மன்னர் போதுவேன் திறந்த காரில் லெயோபோல்துவில் நகரத் தெருவில் ஊர்வலமாகச் சென்றார். அந்நகரே இன்றைய கின்ஷாசா. அவருடன் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்கவிருந்த காசாவுபு இருந்தார். அப்போது கூட்டத்திலிருந்து கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த ஒருவர் பாய்ந்து வந்து மன்னரின் வாளை எடுத்துக்கொண்டு ஓடினார். ஜெர்மானிய நிழற்படக் கலைஞர் ரோபர்ட் லேபெக் அத்தருணத்தைப் படமாக்கினார். வாளை எடுத்தவர் விரைவிற் பிடிபட்டார்; வாள் மன்னரிடம் திரும்பியது. ஆனால் படத்தில் அவர் இன்றும் வாளுடன் ஓடிக்கொண்டே இருக்கிறார். ஆப்பிரிக்க விடுதலையைக் குறித்த நூல்களிலும் கண்காட்சிகளிலும் இப்படம் ஓர் அடையாளமாகிவிட்டது.

ஐரோப்பிய மொழிகளில் இப்படம் பரவலாக 'வாள் திருடன்', 'திருடப்பட்ட வாள்' என்னும் பொருள்தரும் தலைப்புகளோடு வழங்கிவருகிறது. தமிழில் இதற்குப் படக்குறிப்பு எழுத முனைபவர் முன்னே குறைந்தது ஐந்து வினைகள் நிற்கின்றன: எடுத்தார், திருடினார், பறித்தார், பிடுங்கினார், கைப்பற்றினார். ஐந்தும் 'வாளை' என்னும் இரண்டாம் வேற்றுமைப் பெயரையே செயப்படுபொருளாக ஏற்கின்றன. ஆயின் அவை தரும் முற்கோள்கள் வேறானவை. 'திருடினார்' என்பது உடைமையுரிமை மன்னருக்கே உரியது என்பதை ஏற்றுக்கொண்ட சொல். அது உடையவர் அறியாமல் நிகழும் செயலையும் குறிக்கும். பட்டப்பகலில், படைவீரர் சூழ, ஆயிரக்கணக்கானோர் பார்க்க நிகழ்ந்த செயலுக்கு அச்சொல் பொருந்துவதரிது. 'பறித்தார்' என்பதில் வலிமையும் வெளிப்படைத் தன்மையும் உண்டு. உரிமை பற்றிய தீர்ப்பு அத்துணை உறுதியாக இல்லை. 'கைப்பற்றினார்' என்பது போர்க்களத்துக்கும் ஆட்சிக்கும் உரிய சொல். வாளை ஆட்சியின் குறியாகக் காண்போர் இதனையே விரும்புவர். 'எடுத்தார்' என்பது படத்தில் உள்ளதை மட்டும் சொல்கிறது.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 'கைப்பற்றினார்' என்று எழுதுவதால் மட்டும் காலனியப் பார்வை நீங்கிவிடாது. வாளை எடுத்தவர் என்ன எண்ணத்துடன் எடுத்தார் என்பதைப் படம் காட்டவில்லை. ஒரு தனிமனிதரின் செயலை ஒரு நாட்டின் வரலாற்றுக்கு உருவகமாக்குவதும் வினைச்சொல்லின் வேலையே. 'திருடினார்' என்பது அவரைக் குற்றவாளியாக்குகிறது. 'கைப்பற்றினார்' என்பது அவரை வீரராக்குகிறது. இரண்டும் அவர் வாய்ச்சொல்லைக் கேட்காமலே எழுதப்பட்டவை. இத்தகைய இடங்களில் 'எடுத்துக்கொண்டு ஓடினார்' என்னும் எளிய தொடரே நேர்மையானது எனலாம்.

3. நாட்டுக்கு: நான்காம் வேற்றுமை

ஜூன் 30ஆம் நாள் நாடாளுமன்ற மாளிகையில் விடுதலைப் பத்திரத்தில் பெல்ஜியத் தலைமையமைச்சர் ஐஸ்கென்சும் காங்கோவின் தலைமையமைச்சர் பத்ரிஸ் லுமும்பாவும் கையொப்பமிட்டனர். கையொப்பப் படங்கள் எல்லா நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே அமைப்புடையவை: மேசை, தாள், எழுதுகோல், இரு தரப்பினர். இவ்வமைப்பு 'ஒருவர் ஒன்றை மற்றொருவருக்குக் கொடுத்தார்' என்னும் தொடரை இயல்பாகவே தூண்டுகிறது. சுதந்திரம் என்பது கைமாறும் ஒரு பொருளாகத் தோற்றமளிக்கிறது.

தமிழில் 'சுதந்திரம்' என்னும் பெயர் ஏற்கும் வினைகளை வரிசைப்படுத்தினால் இத்தோற்றம் ஒரே வகையினதன்று என்பது புலப்படும்.

(அ) பெல்ஜியம் காங்கோவுக்குச் சுதந்திரம் கொடுத்தது.
(ஆ) காங்கோவுக்குச் சுதந்திரம் கிடைத்தது.
(இ) காங்கோ சுதந்திரம் பெற்றது.
(ஈ) காங்கோ சுதந்திரம் அடைந்தது.
(உ) லுமும்பா காங்கோவுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்தார்.

(அ)வில் எழுவாய் பெல்ஜியம். காங்கோ நான்காம் வேற்றுமையில் கொடையை ஏற்கும் இடத்தில் நிற்கிறது. (ஆ)வில் கொடுப்பவர் மறைகிறார். ஆயினும் காங்கோ எழுவாயாகவில்லை. (இ)யில் காங்கோ எழுவாயாகிறது. எனினும் 'பெறு' என்பதற்குப் பின்னால் ஒரு கொடையாளரை ஊகிக்க இடமுண்டு. (ஈ)யில் வழியைக் கடந்து இலக்கை எட்டும் பொருள் உள்ளது. (உ) இந்திய விடுதலை பற்றிய தமிழ்ப் பேச்சு வழக்கில் நன்கு வேரூன்றிய அமைப்பு. தலைவர் ஒருவர் இடையில் நின்று ஆட்சியாளரிடம் வாங்கி மக்களுக்குத் தருகிறார். மக்கள் மீண்டும் நான்காம் வேற்றுமைக்கே திரும்புகின்றனர். ஆகவே காலனியவாதியை எழுவாயிலிருந்து நீக்கிய தொடரும் மக்களை எழுவாயாக்கும் என்பதற்கு உறுதியில்லை.

கொடைச் சொற்களின் உயர்வு தாழ்வைத் தமிழ் இலக்கண மரபு நுட்பமாக அறிந்திருந்தது. தொல்காப்பியர் எச்சவியலில் 'ஈ, தா, கொடு' என்னும் மூன்றனையும் இரப்போர் சொல்லாகக் கொண்டு, இரப்போன் இழிந்தோனாயின் ஈ எனவும், ஒத்தோனாயின் தா எனவும், உயர்ந்தோனாயின் கொடு எனவும் கூறுவான் என வகுத்தார். கிளவியாக்கத்தில் 'தா' தன்மை முன்னிலைகளுக்கும் 'கொடு' படர்க்கைக்கும் உரியன என்றார். இம்மரபை இன்றைய எழுத்து முற்றிலும் பின்பற்றுவதில்லை. எனினும் 'பெல்ஜியம் சுதந்திரம் தந்தது' என்று எழுதுபவர், அறியாமலே ஏற்பவர் பக்கத்தில் நின்று பேசுகிறார். 'கொடுத்தது' என்பவர் விலகி நிற்கிறார்.

பிறமொழிகளிலும் இப்போராட்டம் நிகழ்ந்ததுண்டு. இந்திய விடுதலை பற்றிய ஆவணங்களைப் பிரித்தானிய அரசு 12 தொகுதிகளாக 'அதிகார மாற்றம்' என்னும் தலைப்பில் வெளியிட்டது. இந்திய வரலாற்று ஆய்வுக் கழகத்தின் தொகுதி வரிசைக்கு 'விடுதலையை நோக்கி' என்பது தலைப்பாயிற்று. ஒரே காலத்துக்குரிய ஆவணங்கள், இரு வேறு எழுவாய்கள்.

4. மக்களே: விளி

அதே நாளின் மற்றொரு காட்சி: ஒலிபெருக்கியின் முன் லுமும்பா பேசுகிறார்; அவையில் மன்னர் இருக்கிறார். ஒலியின்றிக் காண்போர் இதனைப் புதிய தலைமையமைச்சர் மன்னருக்கு நன்றி கூறும் காட்சி என்றே கொள்ளக்கூடும். நடந்தது வேறு. மன்னர் தம் உரையில் காங்கோவின் விடுதலையை இரண்டாம் லெயோபோல்டின் அறிவுத்திறத்தால் தொடங்கிய பணியின் நிறைவு எனப் போற்றினார். நிகழ்ச்சி நிரலில் இடம்பெறாத லுமும்பாவின் உரை அதற்கு விடையாயிற்று. அவர் மன்னரை விளிக்காமல், வெற்றி பெற்ற விடுதலைப் போராளிகள் எனக் காங்கோவின் ஆண்களையும் பெண்களையும் விளித்துப் பேச்சைத் தொடங்கினார். விடுதலை போராட்டத்தால் வென்றெடுக்கப்பட்டது என்பதை அழுத்திச் சொன்னார். மன்னர் (அ) வகைத் தொடரைச் சொல்ல, லுமும்பா அதனை மறுத்துக் காங்கோ மக்களை எழுவாயாக்கினார் எனலாம். படத்தில் அவர் முகம் எத்திசையை நோக்கியிருந்தாலும் அவ்வுரையின் முன்னிலையார் யார் என்பதை விளியே முடிவு செய்கிறது.

மொழிபெயர்ப்பாளர் தனியே கருத வேண்டிய ஒரு பகுதியும் அவ்வுரையில் உண்டு. கறுப்பின மக்கள் நட்பினால் அன்றி, மதிப்புச் சொல் வெள்ளையர்க்கே ஒதுக்கப்பட்டிருந்தமையால் 'து' என ஒருமையில் அழைக்கப்பட்டனர் என்று லுமும்பா குறிப்பிட்டார். பிரெஞ்சில் 'து' ஒருமை முன்னிலை, 'வூ' மதிப்பு முன்னிலை. இன்றைய ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லாமையால் ஆங்கிலப் பெயர்ப்புகள் பிரெஞ்சுச் சொற்களையே இட்டு விளக்க வேண்டியுள்ளது. ஆங்கிலத்தின் வழியே தமிழுக்குப் பெயர்ப்பவர் அவ்வயற்சொற்களை அப்படியே வைத்துவிடுவாராயின் இழப்பு தேவையற்றது. 'நீ', 'நீங்கள்' என்னும் இணை தமிழில் ஆயத்தமாக உள்ளது. வயதில் மூத்தவரை ஆண்டையின் பிள்ளை 'நீ' என்றழைத்ததன் வலியைத் தமிழ் வாசகர்க்கு விளக்கவும் வேண்டியதில்லை. காலனிய ஆட்சியின் அன்றாடக் கொடுமைகளுள் ஒன்றாகிய இதனை எந்த நிழற்படமும் காட்ட இயலாது.

5. யாரால்: மூன்றாம் வேற்றுமை

1960 டிசம்பரின் தொடக்கத்தில் லுமும்பா பிடிபட்டு லெயோபோல்துவிலுக்குக் கொண்டுவரப்பட்டார். கைகள் பின்னே கட்டப்பட்ட நிலையில் படைவீரர்கள் அவரது தலைமுடியைப் பற்றி இழுப்பதும், அவருடைய அறிக்கை எழுதப்பட்டிருந்த தாளைக் கசக்கி அவர் வாயில் ஒரு வீரர் திணிப்பதும் செய்திப்படத்தில் பதிவாயின. 1961 ஜனவரி 17ஆம் நாள் கட்டாங்காவில் அவர் தம் தோழர்களான ம்போலோ, ஒகிதோ ஆகியோருடன் கொல்லப்பட்டார். உடல்கள் பின்னர் அமிலத்தில் கரைக்கப்பட்டன. இறுதிக் காட்சிக்குப் படமில்லை.

டிசம்பர்ப் படங்களில் காணப்படுவோர் காங்கோப் படைவீரர்கள். 'ஆப்பிரிக்கர் ஆப்பிரிக்கரைத் துன்புறுத்தினர்' என்னும் தொடரையே கண் இயல்பாக அமைத்துக்கொள்கிறது. அதன்பின் வந்த செய்தித் தொடர்களோ 'கைது செய்யப்பட்டார்', 'கொல்லப்பட்டார்' எனச் செயப்பாட்டு வினையில் நின்றன. தமிழில் 'படு' துணைவினைத் தொடரில் 'ஆல்' உருபேற்ற கருத்தா இன்றியமையாததன்று. அதை விட்டுவிட்டாலும் தொடர் இலக்கண வழு இன்றி நிறைவுபெறும். இவ்வசதியே வரலாற்றெழுத்துக்கு இடராகிறது. படம் ஒரு பொய்க் கருத்தாவைத் தர, தொடர் மெய்க் கருத்தாவை விட்டுவிட, இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

அந்த வெற்றிடத்தை நிரப்ப நாற்பதாண்டுகள் ஆயின. லூதோ தெ விட்டெ 1999இல் வெளியிட்ட நூல் பெல்ஜிய அரசின் பங்கை ஆவணங்களால் எடுத்துக்காட்டியது. பெல்ஜிய நாடாளுமன்ற விசாரணைக் குழு 2001இல், கொலைக்கு இட்டுச் சென்ற சூழ்நிலைகளில் சில பெல்ஜிய அமைச்சர்க்கும் பிறர்க்கும் அறவழிப் பொறுப்பு உண்டு என முடிவு கூறியது. 2002இல் பெல்ஜிய அரசு வருத்தம் தெரிவித்தது. லுமும்பாவின் எச்சமாக அறியப்பட்ட ஒரேயொரு பல் 2022 ஜூன் 20ஆம் நாள் பிரசெல்சில் அவர் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு, ஜூன் 30ஆம் நாள் கின்ஷாசாவில் அடக்கம் செய்யப்பட்டது. இன்று டிசம்பர் 1960இன் படத்தை அச்சிடுவோர் 'கொல்லப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்' என்று மட்டும் எழுதி நிறுத்துவது போதாது. அறியப்பட்ட கருத்தாவை விடுவது இனி இலக்கண வசதி ஆகாது; தெரிந்தே செய்த தேர்வு ஆகும்.

6. படத்தினுள் எழுத்து

மேற்கண்ட படங்களின் குறிப்புகள் பெரும்பாலும் வெளியாரால் எழுதப்பட்டவை. இதற்கு மாறான ஒரு சான்று லுபும்பாஷி நகர ஓவியர் சிபும்பா காண்டா மதுலுவின் படைப்புகள். 1973, 1974 ஆண்டுகளில் அவர் தம் நாட்டின் வரலாற்றைச் சுமார் 100 ஓவியங்களாக வரைந்தார். மானிடவியலறிஞர் யோகன்னஸ் ஃபாபியான் அவற்றைத் திரட்டி, ஒவ்வொன்றைப் பற்றியும் ஓவியர் கூறியவற்றை ஒலிப்பதிவு செய்து, 1996இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். சிபும்பா தம்மை வரலாற்றாசிரியர் என்றே கருதினார்.

இவ்வோவியங்களில் படக்குறிப்பு சட்டகத்துக்கு வெளியே இல்லை; ஓவியப் பரப்பிலேயே பிரெஞ்சில் எழுதப்பட்டுள்ளது. 1960 ஜூன் 30ஐக் காட்டும் ஓவியத்தில் நாட்டின் பெயர் 'சயீர்' என உள்ளது. அப்பெயர் 1971இல்தான் நாட்டுக்கு இடப்பட்டது. இதனை ஆவணப் பிழை எனத் திருத்த முனைபவர் ஓவியத்தின் காலத்தை இழந்துவிடுவார். 1960ஐ 1970களில் நின்று நினைவுகூர்கிறார் ஒருவர் என்பதை அப்பெயரே உணர்த்துகிறது. லுமும்பாவின் இறப்பைக் காட்டும் ஓவியத்தில் தொலைவில் மூன்று சிலுவைகள் தெரிகின்றன; அவர் விலாவிலிருந்து வழியும் குருதி தரையில் 'ஒற்றுமை' என்னும் பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லாக எழுதப்படுகிறது. நிழற்படம் இல்லாத இடத்தை ஓவியம் நிரப்பியது. அதனுள் சொல்லும் உருவமாயிற்று. அச்சொல்லைத் தமிழில் எழுதிக் கீழே இடுவது பொருளைத் தரும். குருதிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பைத் தராது. அங்கே பெயர்ப்புக்குப் பதிலாக விளக்கமே வேண்டப்படும்.

ஓவியத்தில் எழுத்து பிரெஞ்சு. ஓவியர் அதைப் பற்றிப் பேசியதோ பிரெஞ்சுச் சொற்கள் விரவிய கட்டாங்காச் சுவாகிலி. அரசு மொழி படத்துக்கு, வீட்டு மொழி கதைக்கு என ஒரு பங்கீடு இங்குத் தெரிகிறது. இரண்டையும் ஒரே ஆங்கில நடையில் படிக்கும் வாசகர்க்கு இப்பங்கீடு எளிதில் தென்படாது. ஃபாபியானின் பணியின் சிறப்பு ஓவியத்தைப் பேச்சினின்று பிரிக்காமையில் உள்ளது. அப்பணியைத் தமிழுக்குக் கொணர்வோர், செந்நடையையும் வட்டார வழக்கையும் தக்கவாறு பயன்படுத்தி அவ்வேறுபாட்டை மீட்க இயலும்.

7. 'நீக்கம்' என்னும் கலைச்சொல்

இறுதியாக, இந்நிகழ்ச்சிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராகத் தமிழில் வழங்கும் 'காலனிய நீக்கம்' என்னும் கலைச்சொல்லைக் கருத வேண்டும். நீங்கு தன்வினை, நீக்கு பிறவினை. நீக்கம் என்னும் தொழிற்பெயரில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. பணிவைக் குறிக்கும் 'அடக்கம்' தன்வினைக்குரியது; உடல் அடக்கம் என்பது பிறவினைக்குரியது. அதுபோலவே ஐந்தாம் வேற்றுமையின் நீக்கப் பொருளில் பொருள் தானே நீங்குகிறது. பணிநீக்கம் என்பதில் ஒருவர் மற்றொருவரை நீக்குகிறார். காலனிய நீக்கத்தில் பெல்ஜியர் நீங்கினரா, நீக்கப்பட்டனரா? சொல் விடை தரவில்லை. கொடியிறக்கப் படத்தைப் போன்றே அதுவும் நிகழ்ச்சியைக் காட்டிக் கருத்தாவை மறைக்கிறது. 'காலனிய விடுபாடு' என்னும் மாற்று, விடுபட்ட மக்களின் பக்கம் சாய்வதால் சிலர்க்கு உகந்ததாகலாம்; ஆனால் அது விடுபாடு முற்றுப்பெற்றதாகவும் பொருள்படும். 1961க்குப் பிந்திய காங்கோவின் வரலாறு அதற்கு இடந்தரவில்லை. வழக்கூன்றிய சொல்லை மாற்றுவதைவிட, ஒவ்வொரு கட்டுரையிலும் அது முதலில் வருமிடத்தில் எழுவாயும் பயனிலையும் கொண்ட ஒரு முழுத் தொடரால் அதை விரித்துரைப்பதே தக்கது.

8. முடிவுரை

நிழற்படம் நினைவை உருவாக்குகிறது என்னும் கூற்று பாதியளவே உண்மை. படம் உருவங்களைத் தருகிறது. அவ்வுருவங்களுக்கு வேற்றுமை உறவு தருவது படக்குறிப்பு. அக்குறிப்பு மொழிவிட்டு மொழி செல்லும்போது, பெயர்ப்பாளர் மூலக் குறிப்பின் கருத்தாவையே கடத்தவோ மறைக்கவோ மாற்றவோ வேண்டியவராகிறார். எனவே பாடநூல், கலைக்களஞ்சியம், நாளிதழ் ஆகியவற்றுக்குப் படக்குறிப்புப் பெயர்ப்போர் மூன்றைக் கடைப்பிடித்தல் நலம்: படமெடுத்தவர் பெயரையும் நாளையும் தருதல்; படத்தில் காணப்படும் செயலுக்குப் பொது வினையையும், ஆய்வால் நிறுவப்பட்ட செயலுக்குக் கருத்தாவுடன் கூடிய வினையையும் ஆளுதல்; மூலக்குறிப்பு தீர்ப்புச் சொல் ஒன்றைக் கொண்டிருப்பின் அது யாருடைய சொல் என்பதைச் சுட்டுதல். லேபெக்கின் படத்துக்கு இவ்வாறு எழுதலாம்: 'லெயோபோல்துவில், 1960 ஜூன் 29. மன்னர் போதுவேனின் வாளை ஊர்வலத்தின்போது ஒருவர் எடுத்துக்கொண்டு ஓடுகிறார். ஐரோப்பிய இதழ்கள் இதனைத் திருட்டு என்றன. படம்: ரோபர்ட் லேபெக்.' நான்கு சிறு தொடர்கள். அச்சில் ஓரங்குலம் மிகும்.